ஊட்டி வளர்த்த பாரிசவாதம்

பலாபத்வலையில் யாராவது படுக்கையில் விழுந்துவிட்டால் ஊர் வாயில் முதலில் வருவது டொக்டரின் பெயர் இல்லை, ஹிதாயாவின் பெயர்தான். "ஹிதாயா மாதிரிக் கவனிக்க ஒரு பொம்புள கெடைக்கணுமே" என்று பெருமூச்சு விடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மற்றப் பெண்களின் முகம் அதைக் கேட்டுச் சுருங்கிப்போகும். சும்மா வந்த பேர் இல்லை அது. அவளுடைய புருஷன் ஸஹாப்தீன் பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு தம்ளரைத் தூக்கியதில்லை, ஒரு பொத்தானைப் போட்டதில்லை. மூக்கு அரித்தால்கூட "ஹிதாயா" என்று கூப்பிட்டார், அவளும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து சொறிந்துவிட்டாள்.

விழுந்த புதிதில் கிளினிக்கில் எழுந்து நிற்கப் பழக்கச் சொன்னார்கள். இரண்டு தரம் கூட்டிப்போனாள். இரண்டாம் தரம் அவர் வலி தாங்காமல் "யா அல்லாஹ்" என்று கத்த, அதைக் கண்டு ஹிதாயா அழ, ஹிதாயா அழுவதைக் கண்டு அவருடைய தங்கை றிஸ்மியா இன்னும் பெரிதாக அழ, அத்தோடு உடற்பயிற்சி முடிந்தது. வருத்தக்கார மனுஷனை மேலும் வருத்துவது பாவம் என்று குடும்பம் முடிவெடுத்தது. அதற்குப் பிறகு எண்ணெய்தான். வெதமாத்தயா என்ற சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த எண்ணெயை அவள் தினமும் போட்டு உருவியதில் அவருடைய இடது கால் நன்றாக மினுங்கியது. நடக்கத்தான் இல்லை.

மாத்தளை டவுனில் அவருக்கு மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை ஒன்று. அதைத் தம்பி ஹாஷிம் பார்த்துக்கொண்டான். "நானா, நீங்க ரெஸ்ட் எடுங்க, கடைய நான் பாக்குறேன்" என்று அவன் வாரந்தவறாமல் வந்து சொன்னான். அவனுக்கு நானா மேல் அவ்வளவு பாசம். எப்போது கடைக்கு வருவீர்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டுத் தொந்தரவு கொடுத்ததில்லை.

இப்படி ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹிதாயாவுக்கு அந்த யோசனை வந்தது. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மேல்மாடியில், பிஸியோதெரபி உதவியாளர் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். எல்லாம் தெரிந்த தன் கையில் ஒரு சேர்டிபிகேட் இல்லையே என்ற குறை நெடுநாளாக அவளுக்கு இருந்தது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மகள் ஸஹ்ராவை வாப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, நாற்பத்துமூன்று வயதில் வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். படிக்கப் போகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. போய் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தாள்.

வகுப்பெடுத்தவள் ஹம்சிகா. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் படித்து வந்த பிஸியோதெரபிஸ்ட். ஒல்லியான உடம்பு, வயது முப்பதுகூட இராது. இந்தப் பிள்ளை எந்த நோயாளியைத் தூக்கியிருக்கப் போகிறது என்று ஹிதாயா முதல் நாளே மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டாள்.

ஹம்சிகா தூக்கச் சொல்லவே இல்லை. முதல் வாரம் முழுக்க, உதவியாளர் டொக்டர் இல்லை என்பதைப் படிப்பித்தாள். என்ன செய்ய வேண்டும் என்று பிஸியோ திட்டம் போடுவார், உதவியாளர் அதைச் செய்விப்பார், கண்டதை வந்து சொல்வார், தன்பாட்டில் எண்ணெயோ பத்தியமோ சேர்க்கக்கூடாது. அடுத்தது சக்கர நாற்காலிக்கு பிரேக் போடுவது. அதற்கே ஒரு நாள் போனது. அதன்பிறகு மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பது, நோயாளியைத் தொட முன்னம் கேட்பது, இடுப்பில் பட்டி கட்டுவது, குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடிப்பது. ஹிதாயா கொட்டாவியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செய்முறை வந்த அன்றைக்குத்தான் அவளுக்கு உற்சாகம் பிறந்தது. பெண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் பழக வேண்டும். பஸ்லா என்ற கொழுத்த பிள்ளை, இடது கையைத் தொங்கவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நோயாளியாகக் கதிரையில் உட்கார்ந்தது. ஹிதாயா சட்டைக் கையை மடித்துவிட்டாள், பிஸ்மி சொன்னாள், பஸ்லாவின் கக்கத்துக்குள் இரண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாள். பஸ்லாவின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அக்கா, மூட்டய மெதுவா எறக்கி வைங்க" என்றாள் ஹம்சிகா. "அந்தப் புள்ள கால் தரையிலயே இல்ல. கால் தரையில இல்லாம எப்படி நிக்கப் பழகும்?"

பிறகு ஹிதாயாவை நோயாளியாக்கிப் பார்த்தார்கள். அது அதைவிட மோசம். பஸ்லாவின் ஷால் நழுவுவதைக் கண்டதும் நோயாளி பாதியில் எழுந்து, வாதம் பிடித்த கையால் அதைச் சரிசெய்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து வாதக்காரியானாள். பிறருக்கு ஒன்றைச் செய்யாமல் ஒரு நிமிஷம் இருப்பது எப்படி என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாரிசவாதம் பற்றிய பாடம் வந்தபோது, வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று ஹம்சிகா கேட்டாள். ஹிதாயா எழுந்து நின்றாள். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாள்.

"எந்தப் பக்கம் அக்கா?"

"எடது பக்கம், மிஸ்."

"அப்ப வலது கை?"

"வலது கைக்கு ஒண்டுமில்ல. நல்லாத்தான் இரிக்கி."

"அந்தக் கையாலதானே சாப்பிடுறாரு?"

"இல்ல மிஸ்" என்றாள் ஹிதாயா பெருமையோடு. "நான்தான் ஊட்டுறன்."

ஹம்சிகா சிரிக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஹிதாயா மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகக் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் வந்துபோனார்கள், மோல்ட் சத்துமா டின்னும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்து கண்ணைத் துடைத்தார்கள். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கைக்கு ஒன்றுமில்லாத மனிதருக்கு அவள் சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். ஏன் என்று ஒரு சனம் கேட்கவில்லை. மாஷா அல்லாஹ் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த கிழமை ஹம்சிகா சொன்னபடி ஸஹாப்தீனைத் த்ரீவீலரில் ஏற்றிக் கூட்டிவந்தாள். பேக்கரிக்காரர் கீழே ஓர் அறையைத் திறந்து கொடுத்தார். ஹம்சிகா அவருடைய காலைத் தள்ளச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், பிடித்துப் பார்த்தாள். பிறகு ஹிதாயாவை வாசலுக்கு அழைத்தாள்.

"கால்ல பலம் இருக்கு அக்கா. கொஞ்சம் கொறைவு, ஆனா நிக்கப் போதும். நீங்க தூக்கத் தூக்க அந்தக் கால் ஏன் வேல செய்யப்போகுது? கடைசி சோதனைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு நோயாளியக் கொண்டுவரணும். நீங்க இவரக் கொண்டுவாங்க. கதிரையில இருந்து அவராவே எழும்பி, கதவுவரைக்கும் நடக்கணும். விழப்போனா ஒழிய நீங்க தொடக்கூடாது."

போகும் வழியெல்லாம் ஹிதாயாவுக்குக் கோபம். நேற்றுப் பிறந்த பிள்ளை தன்னைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டதே என்ற கோபம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையக் கையை வைத்தபோது கோபம் போய், நெஞ்சு முழுக்க வெட்கம் வந்து உட்கார்ந்தது. தட்டை அவருடைய மடியில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"என்ன, ஓன்ட கைக்கு என்ன?" என்றார் ஸஹாப்தீன்.

"என்ட கைக்கு ஒண்டுமில்ல. ஓங்கட கைக்கும் ஒண்டுமில்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குசினிக்குள் போய்க் கதவிடுக்கால் பார்த்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கறியைப் பார்த்தார். ஆட்டிறைச்சிக் கறி. பிறகு தட்டில் எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. எலும்பும் உறிஞ்சிய எலும்பு.

செய்தி றிஸ்மியாவின் காதுக்குப் போனது. றிஸ்மியாவின் காதுக்குப் போனது பலாபத்வலை முழுக்கப் போனமாதிரி. அடுத்த நாளே வந்து முற்றத்தில் நின்று கத்தினாள். "ராசா மாதிரி வெச்சிருந்த எங்கட நானாவ, படிக்கப் போன பொறகு பட்டினி போடுறாளே! ஊட்டக்கூட ஏலாத அளவுக்குப் பெரிய டொக்டராகிட்டியா மச்சி?"

ஹிதாயா குசினிக்குள் திரும்பிப் போனாள். பதில் சொல்லியிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த உண்மை ஊட்டுவதைப் பற்றியது இல்லை. விழுவதற்கு முன்னால் ஸஹாப்தீன் இருபது வருஷம் காலையில் கடைக்குப் போய் இரவில் வந்தவர். உப்புக் கூடினால் மட்டும் மனைவியோடு பேசியவர். அவளுடைய பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் இருந்தது. படுத்த பிறகுதான் பொழுது முழுக்க ஹிதாயா, ஹிதாயா. இந்தக் கால் நடக்கத் தொடங்கினால் நேரே கடைக்குத்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு எண்ணெய் போட்டாளோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

இருந்தும் பழக்கினாள். ஹம்சிகா போட்ட திட்டத்தில் ஒரு சொட்டுக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முன்னுக்கு நகர்ந்து உட்காருங்க, காலைப் பின்னுக்கு இழுங்க, மூக்கை முழங்காலுக்கு நேரே கொண்டுவாங்க, இப்ப எழும்புங்க. அவர் அவளுக்குப் பொலிஸ்காரி என்று பேர் வைத்தார். சில நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினார். ஹாஷிம் வந்து, "மச்சி, நானாவப் போட்டு வதைக்காதீங்க, கடைய நான் பாக்குறேனே" என்று கண்கலங்கினான்.

சோதனை நாளன்று பேக்கரியின் கீழறையில் ஸஹாப்தீன் கதிரையில் உட்கார்ந்தபடி, பழக்க தோஷத்தில் வலது கையை அவளை நோக்கி நீட்டினார். ஹிதாயா தன் கையை நம்ப முடியாமல் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எழும்புங்க" என்றாள்.

அவர் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். முன்னுக்கு நகர்ந்தார். காலை இழுத்தார். நாலுகால் கைத்தடிப் பொல்லை ஊன்றி, மூச்சைப் பிடித்து எழுந்தார், நின்றார், ஒரு தரம் ஆடினார், பிறகு கதவுவரை போனார். ஹிதாயா சத்தமாக அழுதாள். பஸ்லாவும் அழுதது.

"பாஸ் அக்கா" என்றாள் ஹம்சிகா. "ஆனா மார்க் கொறைச்சிட்டேன். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா, அவரு விழப்போனா எப்படிப் பிடிப்பீங்க? கிட்ட நிக்கணும். கை தயாரா இருக்கணும். தொடத்தான் கூடாது."

வெளியே த்ரீவீலரில் ஏறிய ஸஹாப்தீன், "கடைக்கு வுடு" என்றார் சாரதியிடம். அவள் எதிர்பார்த்தபடியேதான்.

கடையில் ஹாஷிம், தன் நானாவின் கதிரையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பொல்லோடு நின்ற உருவத்தைக் கண்டதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவழியாக எழும்பினான். ஸஹாப்தீன் நடந்து போய், இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். எப்படி ஹாஜியார், எந்த டொக்டர், என்ன மருந்து என்று ஆளுக்கொரு கேள்வி.

"மருந்தா?" ஸஹாப்தீன் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் அல்லாட கிருப. மத்தது என்ட மனத்தைரியம்."

கராம்புச் சாக்குகளின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற ஹிதாயாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த கராம்பு ஒன்றை வாயில் போட்டு மென்றாள். அது நன்றாக உறைத்தது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலைந்தது. வீட்டுக்குப் போக வேண்டும். ஸஹாப்தீன் திரும்பிப் பாராமலே, வழக்கம்போலக் கையை நீட்டினார். "தூக்கு."

ஹாஷிம் பாய்ந்து வந்தான். ஹிதாயா ஒரு பார்வையில் அவனை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"மனத்தைரியம் இரிக்கிதானே" என்றாள். "எழும்புங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நீட்டிய கையை இறக்கி, முன்னுக்கு நகர்ந்து, காலைப் பின்னுக்கு இழுத்து, பொல்லை ஊன்றி எழுந்தார். கடை வாசலில் படி இருந்தது; வரும்போது சாரதி கைகொடுத்து ஏற்றிவிட்ட படி. படியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஹிதாயா" என்றார். "கிட்ட வந்து நில்லு."

அவள் எழுந்து போய், அவருடைய இடது பக்கம் நின்றாள். அவர் முதுகுக்குப் பின்னால் கையைத் தயாராக விரித்துப் பிடித்திருந்தாள். தொடவில்லை.