நான் ஏற்றிவிட்ட பழைய கம்ப்யூட்டர்

போன வாரம் ஓர் ஆன்லைன் ஏலத்தில் ஜெயித்துவிட்டேன். வாழ்த்தெல்லாம் வேண்டாம்... ஜெயிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் திட்டம்.

எங்கள் டவுன்ஷிப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸ் தண்டபாணி, மைன்ஸில் இருந்து ரிட்டயர் ஆகிறார். மாதக் கடைசியில் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் கட்டிய புது வீட்டுக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் நுழையவே கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். மனிதர் அதை ஏலத்தில் போட்டார்.

கோயம்புத்தூரில் இருந்து ஒரு பெண் ஐயாயிரத்துக்குக் கேட்டார். இறந்துபோன அவர் அப்பா, ஃப்ளாப்பிகளில் டைரி எழுதி வைத்திருக்கிறாராம். அதைப் படிக்க இதே மாடல்தான் வேண்டுமாம். நல்ல விலைதானே?

"அமெரிக்காவுல இதே மாடலுக்கு ஒன்றரை லட்சம் போட்டுகினு இருக்கான் சார்" என்றார் தண்டபாணி.

"போட்டிருக்கான். எவனாவது வாங்கினானா?"

அதை அவர் பார்க்கவில்லை. என் ஓட்டை சைக்கிளில்கூடத்தான் கோடி ரூபாய் என்று எழுதி ஒட்டலாம். யார் தடுக்கப் போகிறார்கள்?

"நீங்க சும்மா ரெண்டு தபா ஏத்தி வுடுங்க. அப்பா நெனப்புல கேக்குது, அந்தப் பொண்ணு வுடாது."

நியாயம், நேர்மை என்று இந்தப் பத்தியில் வாராவாரம் உங்களுக்கு உபதேசம் செய்கிற நான் என்ன செய்தேன்? ஏற்றிவிட்டேன். ஆறாயிரம்... அவர் ஏழு. நான் எட்டு... அவர் ஒன்பது. சீட்டாட்டம் போல ஜாலியாக இருந்தது. பத்தாயிரம் என்று தட்டினேன் — அவர் நின்றுவிட்டார். ஏலமும் முடிந்தது.

ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், ஒன்பதாயிரத்துக்கே தருகிறேன் என்று தண்டபாணி அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"விக்கிறவர் பேரு பிளாக் 11 தண்டபாணி. ஏலத்தை ஏத்தினவர் பேரு பிளாக் 11 ரைட்டர். எங்கப்பாவை வெச்சு விளையாட வேண்டாங்க. வேற இடத்துல தேடிக்கறேன்."

டவுன்ஷிப்காரர்கள் எங்கே பெயர் பதிந்தாலும் பிளாக் நம்பரையும் சேர்த்துத்தான் பதிவோம். பழக்கம். திருட்டுத்தனம் செய்யும்போதுமா?

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு, ஐயாயிரத்துக்கே வாங்கித் தருகிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. அந்த அப்பா என்னதான் எழுதியிருப்பார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்டபாணிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பழைய இரும்புக் கடை வண்டியில் இருநூறு ரூபாய்க்குக் கம்ப்யூட்டரை ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நியாயமான வெல குடுத்து வாங்குற ஆளே இல்லாம போச்சு சார்."