மருமகன் ராக்கெட்டுக்கு நான் மடித்த குடை

என் மருமகன் ராக்கெட் விடுகிறவர். திருவிழாவில் விடுகிற வாணம் இல்லை. ஆள் உயரம் இருக்கும், உள்ளே கருவியெல்லாம் வைத்தது. ஓசூரில் கம்பெனி வேலை, லீவு நாளில் இது. "ஊர்ல புருஷனுங்க குடிக்கிறானுங்க, சீட்டாடறானுங்க. எம்புருஷனுக்கு இந்தப் பைத்தியம்" என்று என் மகள் சொல்லிச் சிரிப்பாள். அவள் காய்ச்சலில் போய்ச் சில வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு மருமகன் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருவார். மகள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார், வூட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார், கிளம்பிவிடுவார். நானும் இருங்க என்று வற்புறுத்தியதில்லை. பொண்ணே இல்லாதபோது மாப்பிள்ளையை எந்த உரிமையில் இருக்கச் சொல்வது? கெஞ்சி நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. சொந்தக் காட்டில் பாடுபட்டுச் சாப்பிடுகிறவள் நான்.

போன வருஷம் திருநாள் அன்று, குடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அத்தை, நம்ம மேட்டுக்காட்டுல ஒரு சோதனை பண்ணிக்கலாங்களா? கொஞ்சம் சத்தம் வரும். பக்கத்துல வூடு இல்லாத எடமா வேணும்."

"பண்ணுங்க மாப்பிள்ளை. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வரும்போது வாசலில் வண்டி நின்றது. காட்டில் ராக்கெட் குழாயைப் படுக்கப் போட்டுக்கொண்டே விளக்கினார். ராக்கெட் உச்சிக்குப் போனதும் உள்ளே துளி வெடிமருந்து வெடித்துச் சின்னக் குடை ஒன்றை வெளியே தள்ளுமாம். அதைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்குமாம். தரை கிட்டே வந்ததும் இன்னொரு மருந்து வெடித்துப் பெரிய குடையைத் தள்ளும், அப்போதுதான் மெதுவாக வந்து உட்காரும். குடை என்றால் துணிதான், பாராசூட்.

"பெரிய குடைய மேலயே விரிச்சா என்னங்க?"

"காத்து அடிச்சிக்கிட்டுப் போயி பாலக்கோட்டுல போட்ரும் அத்தை."

மருந்து குறைந்தால் குடை வெளியே வராது, கடப்பாரை மாதிரி வந்து குத்தும். கூடினால் குழாயும் கிழியும், துணியும் கிழியும். எவ்வளவு போடுவது என்று தரையில் வெடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணுமாம்.

பெரிய குடைத் துணியை அவர் குழாயில் திணித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி, பட்டுப் புடவை மடிக்கிற மாதிரி மடித்தேன். முட்டி போட்டு அழுத்திக் காற்றை எடுத்தேன். சுருட்டிக் கொடுத்தேன்.

"இவ்வளவு இறுக்க வேண்டாங்க அத்தை."

"பூனை உருட்டின மாதிரி வெச்சா நல்லாவாங்க இருக்குது?"

மகள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒயரைத் தூரம் இழுத்துப் பாறைக்குப் பின்னால் நின்றோம். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. குழாய் முனையை மூடியிருந்த கூர்மூக்கு அசையவே இல்லை.

"மடிப்பு இறுக்கங்க."

"மடிப்ப நான் மாத்த மாட்டனுங்க. மருந்தக் கூட்டுங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் வந்தார். ஒரு துளி கூட்டுவார், வெடிப்போம், வராது. புகை பிடித்த துணியை வாரத்தில் ஒரு நாள் துவைப்பேன், நிழலில் உலர்த்துவேன். சனிக்கிழமை கோழி பிடிக்க வேண்டும், ராகி அரைக்க வேண்டும். வெறும் வூட்டில் எனக்கு மறுபடி வேலை இருந்தது. களி தின்றுகொண்டே கம்பெனிக் கதை சொல்வார். என் மகள் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. எடுக்காமலே அவளும் கூட உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் மூக்கு பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். முழுசாக வந்துவிட்டால் சோதனை முடிந்தது. முடிந்துவிட்டால் இங்கே அவருக்கு என்ன வேலை?

ஈஸ்டர் கழிந்த வாரம் முழுசாக வந்தது. மூக்கு எகிறிப் போய் விழுந்தது, துணி புல்லில் விரிந்தது. மறு வாரமும் அப்படியே.

"அளவு கெடைச்சிருச்சு அத்தை. பெங்களூருக்கு அந்தப் பக்கம் விடப்போறோம். நீங்களும் வரணும். இது உங்க மடிப்புக்கு அளந்த மருந்து. நான் தளர்வா மடிச்சா துணியையே பிச்சு எறிஞ்சிரும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. காட்டிக்கொள்ளாமல் கேட்டேன்.

"வேற யாருங்க வர்றது?"

தரையைப் பார்த்தார். "கூட வேலை செய்யறவங்க ஒருத்தங்க. அவங்களும் புருஷனை எழந்தவங்க. வர்ற மாசம் கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்னு..."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன். போகலாம்தான். ராக்கெட் விடுகிற ஒவ்வொரு தடவையும் என் கை வேண்டுமென்று அவர் வந்துதான் ஆகணும். ஆனால் இன்னொருத்தி குடும்பத்தில், செத்தவளைப் பெத்தவள் துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அது எனக்கு ஆகாது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க மாப்பிள்ளை. அவங்களே மடிக்கட்டும். அந்த மடிப்புக்கு அளந்துக்கங்க."

"அத்தை..."

"கூட இருக்கிற கைக்குத்தாங்க அளக்கணும்."

வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். "அம்மா, இப்பிடி வெக்கலாங்களா?" என்று விசிறி மாதிரி லேசாக மடித்தாள். ஒரு அழுத்து அழுத்த எனக்குக் கை துடித்தது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் மருந்தைக் குறைத்தார். டப். மூக்கு வழுக்கிக்கொண்டு வந்தது, பின்னாலேயே துணி கொட்டியது. நான் அத்தனை ஞாயிறு இழுத்தது அவளுக்கு முதல் தடவையிலேயே முடிந்தது. கை தட்டினாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"தட்டும்மா. உன் கைக்கு வந்திருக்குது."

சாப்பிடும்போது களியை மென்றாள். "அதை முழுங்கணும் கண்ணு, ஓசூர்ல சொல்லிக் குடுக்கலயா?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். சாயந்திரம் கிளம்பிப் போனார்கள்.

ராக்கெட் விட்ட அன்று போன் வந்தது.

"ரெண்டு குடையும் விரிஞ்சுதுங்க அத்தை."

"துணி?"

"ஒரு பொத்தல் இல்லைங்க."

"சரிங்க. நல்லாருங்க."

பிறகு கல்யாணம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசல் வெறுமையாக இருக்கிறது. கோழிகள் பெருத்துவிட்டன. மழை பெய்ததும் கொள்ளு விதைக்க டிராக்டர் சொல்லி விட்டேன். ஓட்டுகிறவன் பாதியில் நிறுத்திக் கூப்பிட்டான்.

"ஆயா, பாறைக்கு இந்தாண்ட ஓட்ட வேண்டாம்னீங்களே, கல்லா கெடக்குது?"

"கல்லு இல்லப்பா. நல்ல மண்ணுதான்."

"அப்பறம் ஏன் வீணா உடறீங்க?"

"எம்மாப்பிள்ளை வந்தாருன்னா அவருக்கு எடம் வேணும். நீ சுத்திக்கிட்டு ஓட்டு" என்றேன்.