செல்ஃப் எடுக்காத வண்டியும் டோரீனும்

ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டால் போதும், ஜீவனஹள்ளியில் எந்த ஆம்பளைக்கும் திடீரென்று மூளை வளர்ந்துவிடும். இது டோரீனின் நெடுநாள் கணிப்பு. அன்றைக்கும் பொய்க்கவில்லை. காலை ஆறேகால் மணிக்கு அவள் வீட்டு வாசலில் பிக்கப் வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றது. பின்னால் அண்டா நிறைய இட்லி. பால் வாங்கப் போனவன், வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தவன், வேலைக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுகிறவன் என்று ஐந்து பேர் இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார்கள். ஒருவன் டீசலில் தண்ணீர் என்றான். இன்னொருவன் ஒரு ஒயரைப் பிடுங்கி மோந்து பார்த்தான். பெண்டாட்டி சொன்ன கடுகை வாங்கிவர மறந்துபோகிற ஜென்மங்கள் இவை. நடுவில் அவள் புருஷன் ஜெயராஜ், எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

டோரீன் பிறந்தது காக்ஸ் டவுனில். அப்பா ஒரு கிளப்பில் மேஜைக்குப் பரிமாறியவர். யார் எதற்கு லாயக்கு என்று ஒரு பார்வையில் எடைபோடும் குணம் அவரிடமிருந்து வந்தது. எடைபோட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் குணம் மட்டும் அவளுடைய சொந்தச் சம்பாத்தியம். கோயில் கமிட்டிக்காரர்கள், நாத்தனார்கள், இட்லியை முள்கரண்டியால் குத்தும் கம்ப்யூட்டர் பையன்கள், ஒருவரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. ஜெயராஜ் ஃபேக்டரியில் டிரைவராக இருந்தான். தொண்ணூற்றாறில் வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பியபோது, வந்த பணத்தில் பத்து வருஷம் ஓடிக் களைத்த இந்தப் பிக்கப்பை வாங்கி வந்தான். வண்டியை அவன்தான் தேர்ந்தெடுத்தான் என்பதே அதைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போதும் என்பாள் டோரீன்.

மூன்று வருஷம் கல்யாணச் சாப்பாடு, பிறந்தநாள் கேக் என்று தட்டுத்தடுமாறிய பிறகு, இந்த ஆகஸ்டில்தான் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் காலைச் சாப்பாட்டு ஆர்டர் கிடைத்தது. தினமும் ஏழரைக்கு முந்நூறு பேருக்கு இட்லி, சாம்பார். மகள் லீனாவின் நர்சிங் படிப்பு இந்த இட்லியில்தான் நின்றது. ஆனால் இந்த வாரம் இரண்டு நாள் வண்டி கிளம்பாமல் தாமதம். கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் ஹரிஷ்குமார், மீசை சரியாக முளைக்காத பையன், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொல்லிவிட்டான்: "இன்னொரு நாள் லேட்னா வேற ஆள் பாத்துடுவோம், ஆன்ட்டி." வெந்நீர் வைக்கத் தெரியாதவனெல்லாம் அவளுக்குக் கெடு வைக்கிறான்.

வண்டிக்கு வைத்தியம் பார்க்காமலும் இல்லை. முதலில் பேட்டரிக் கடை கோவிந்தப்பா தொட்டுக்கூடப் பார்க்காமல், "பேட்டரி ஹோயித்து அம்மா", போயிற்று என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லிப் புதுசு ஒன்றைத் தலையில் கட்டினான். அது நாலு நாள் ஓடியது. அடுத்து ஒரு மெக்கானிக், பெல்ட்டை மாற்றி, டைனமோவைக் கழற்றிக் கடையில் வைத்துச் சுற்றிப் பார்த்து, நல்லாத்தான் சார்ஜ் ஏத்துது என்று மாட்டி அனுப்பினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குக் குறை சொல்லக் கூடமும் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் வண்டி மறுபடி படுத்தது.

அதனால்தான் அன்றைக்கு டோரீன் தானே டெலிபோன் பூத்துக்குப் போய் ஆம்ப்ரோஸுக்குப் போன் போட்டாள். கண்டோன்மென்ட் லாரிகளுக்கு ஒயரிங் பார்த்த கிழவர். ஆறே முக்காலுக்கு, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியோடு வந்து இறங்கினார். கை நடுங்கியது. இதுவும் ஒரு கேஸா என்று டோரீன் நினைத்தாள். ஆனால் அவர் பானெட் பக்கமே போகவில்லை.

"சாவியத் திருப்பு, ஜெயராஜி. ஸ்டார்ட் பண்ணாதே."

திருப்பினான். ஆம்ப்ரோஸ் ஜன்னல் வழியாக டேஷ்போர்டைப் பார்த்தார். "ஆயில் லைட்டு எரியுது. பக்கத்துல செவப்பா பேட்டரி லைட்டு எரியணுமே, எங்க?"

ஜெயராஜ் தன் செருப்பைப் பார்த்தான்.

"அந்த பல்பு அழகுக்குன்னு நெனச்சியா? அது வழியாத்தான் டைனமோவுக்கு மொதல் கரண்டு போவுது. அப்பதான் அது முழிச்சி சார்ஜ் ஏத்தும். பல்பு இல்லன்னா தூங்கிகினே சுத்தும். எங்கய்யா பல்பு?"

ஜெயராஜ் மெதுவாகக் கையை நீட்டி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த ஆரோக்கிய மாதா படத்தின் பின்னாலிருந்து பட்டாணி அளவு பல்பு ஒன்றை எடுத்தான்.

டோரீனுக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி ஆர்டர் கிடைத்தால் வண்டியில் மாதாவுக்கு விளக்கு எரியும் என்று அவள்தான் நேர்ந்துகொண்டிருந்தாள். திருவிழாவுக்கு முன்னால் எரிய வேண்டும், தண்டச் செலவு கூடாது என்று புருஷனுக்கு உத்தரவும் போட்டிருந்தாள். வண்டி கிளம்பியதும் அணைந்துவிடுகிற பல்பு டேஷ்போர்டில் எதற்கு என்று இவன் இதைப் பிடுங்கி மாதாவுக்கு மாட்டியிருக்கிறான்.

"கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்சிருக்கியே, பாவி!" என்று கத்தினாள். வேதக்காரியானாலும் பழமொழிக்கு ஏது ஞானஸ்நானம்? ஐந்து ஆம்பளைகளும் சிரித்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று ஒருவன் வேறு சொன்னான்.

ஆம்ப்ரோஸ் பல்பைப் பழைய இடத்தில் மாட்டி, தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மணி ஏழு. டோரீனையும் ஏற்றிக்கொண்டு ஜெயராஜ் பறந்தான். கே.ஆர்.புரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, உலகத்தில் யாருக்கும் பசியே இல்லை என்பதுபோல் ஊர்ந்து போனது.

கம்பெனி வாசலுக்கு வந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. உள்ளே வேறொரு வேன் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தது. "சாரி ஆன்ட்டி" என்றான் ஹரிஷ்குமார். "ஏழரைக்கு வரலன்னா அவங்கள வரச்சொல்லி வெச்சிருந்தேன். இனிமே அவங்கதான்." டோரீனுக்கு அவனைத் திட்ட நாலு வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டைச் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அழுதுவிடுவோமோ என்று பயந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ஜெயராஜை அர்ச்சித்துக்கொண்டே வந்தாள். மகள் படிப்பில் மண்ணைப் போட்டான், குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தான், இவனுக்குத் தன்னைக் கட்டிக்கொடுத்த நாளில் கோயில் மணி தலையில் விழுந்திருக்கலாம். கடைசியில், "ஒரு பல்பு! தெருமுனைக் கடையில தொங்குது. கேட்டு வாங்கறதுக்கு உனக்கு இன்னா?" என்றாள்.

ஜெயராஜ் கியரை மாற்றினான். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டான்: "பல்பு வாங்கணும், காசு குடுன்னு உன்னக் கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்பே?"

டோரீன் யோசிக்கவே இல்லை. "நீ சம்பாதிச்சிக் கிழிச்ச கிழிப்புக்கு உனக்கு பல்பு ஒண்ணுதான் கேடான்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே அது அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"அதான் கேக்கல" என்றான் ஜெயராஜ். ஹாரன் அடித்து முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினான். வண்டி நன்றாகத்தான் ஓடியது.