பூத்த தூதுவளை

திருவேற்காட்டில் எங்கள் கீழ்வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் குடியிருந்தார். காக்கிச் சட்டை, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய மீசை. காலையில் வாசல் தொட்டியிலிருக்கும் தூதுவளைக்குத் தண்ணீர் ஊற்றி, ஊதாப் பூக்களைக் கொஞ்சிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

ஒருமுறை எனக்குக் கடும் இருமல். ரசம் வைக்க நாலு இலை கேட்டேன்.

"இன்னாம்மா, பூ வுட்டுகினு கீது, இப்பப் போய் கிள்ளச் சொல்றியே!" என்று பதறினார்.

மாலையில் மருந்துக்கடை சிரப்போடு வந்தார். நீட்டும்போது அவரும் லொக்லொக்கென்று இருமினார்.

"நீங்களாவது பறிச்சுக்கக் கூடாதா அண்ணா?"

"எனக்கும் சேத்துதாம்மா வாங்கினேன்" என்று இன்னொரு பாட்டிலைக் காட்டினார்.

அவர்கள் வீடு மாறிய அன்று, ஆட்டோவில் அவர் பக்கத்தில் தொட்டி. பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே மனைவி.

இன்றும் கடையில் தூதுவளை வாங்கினால், பூவிருக்கும் கொத்தை மட்டும் ஏனோ கிள்ள மனம் வருவதில்லை.