சந்தனத்தின் மேல் போட்ட பழி

வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியைத் திறக்கும்போது எனக்கு முதலில் வருவது கோபம்தான். நாற்பது வருஷமாக மும்பை தாராவியில் ஸ்பானர் பிடிக்கிறேன். இது மட்டும் மாறவில்லை. டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டிருப்பார்கள். ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கும். சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்ல கண்டிஷன் மிஸ்திரி, ஒரு கிக்குல ஓடும்" என்பார். ஒரு கிக்கில் ஓடுமென்றால் என்னை எதற்கய்யா கூப்பிட்டாய்?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களைத் திட்டி எழுத எனக்கு நன்றாக வரும். இதில் கடைசியில் திட்டு வாங்கப்போகிறவன் நான்தான்.

1. செம்பூர், மாடிப்படிக்கு அடியில்

போன் செய்தவர் செம்பூரில் ஒரு பழைய காலனியில் இருக்கும் மாமி. வயது அறுபத்துமூன்று. கணவர் பேங்கில் இருந்தவர், இறந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. அவர் ஓட்டிய டூ-ஸ்ட்ரோக் பைக்கை மாமி தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு வருஷம் ஆபீசுக்கு ஓட்டியிருக்கிறார். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றாகவே இருக்கும் பாருங்கள், அந்த வண்டி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினாராம். பிறகு கிளட்ச் போய்விட்டது; வண்டி மாடிப்படிக்கு அடியில் போனது. இருபத்தாறு வருஷம்.

இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். இரண்டு மாதத்தில் எல்லோரும் காலி பண்ண வேண்டும். காம்பவுண்டில் பேப்பர் இல்லாமல் நிற்கிற வண்டியெல்லாம் பங்காருக்குப் போகும் என்று சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பங்கார் என்றால் பழைய இரும்பு. மாமி வாஷிக்கு வாடகைக்குப் போகிறார். அங்கேயும் உயிரோடு இருக்கிற ஆர்.சி. உள்ள வண்டிக்குத்தான் பார்க்கிங். ஆக, வண்டி ஓட வேண்டும், ஆர்.டி.ஓ. அதைப் பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் இரண்டு மாதத்துக்குள்.

தார்ப்பாயை விலக்கினேன். ஹேண்டில் கழுத்திலும் இஞ்சின் தலையிலும் விரல் தடிமனுக்கு ஏதோ அப்பியிருந்தது. சிமென்ட் போல இறுகி, நடுவில் சிவப்பாக.

"என்ன மாமி இது?"

"சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வண்டியை பைப்பால அலம்பிட்டு வெச்சுடுவேன். ஒரு வருஷம்கூட விட்டதில்லே." பெருமையாகத்தான் சொன்னார்.

கிக்கரை மிதித்தேன். பாறை மாதிரி நின்றது. சைலன்சர் வாயில் விரலை விட்டால் துரு கைப்பிடியாக வந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இருவத்தாறு வருசம் பூச போட்டீங்க. ஒரு கிக்கு போட்டீங்களா மாமி? மாசத்துக்கு ஒரே ஒரு கிக்கு? சைலன்சர் வழியா தண்ணிய உள்ள விட்டு, மேல சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க. நீங்க கும்பிட்டது சாமியவா, துருவயா?"

படியிறங்கி வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. மாமி முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டி முடிச்சாச்சுன்னா, எத்தனை நாள் ஆகும்னு சொல்லுங்கோ முத்து."

2. ஊறப்போட்ட ஒன்பது நாள்

டெம்போவில் ஏற்றி தாராவிக்குக் கொண்டுவந்தேன். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றினேன். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். வண்டியை கியரில் போட்டு, பின் வீலைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஜாமான இஞ்சினைச் சுத்தியலால் தட்டுகிறவன் மெக்கானிக் இல்லை, கசாப்புக்காரன். ஒன்பதாம் நாள் பிஸ்டன் நூலளவு நகர்ந்தது. எனக்கு இஞ்சினிடம் எவ்வளவு பொறுமை வேண்டுமானாலும் உண்டு. மனுஷரிடம்தான் இல்லை.

சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். கிராங்க் சீல், பாயின்ட், கண்டென்சர், கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. டேங்குக்குள் ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டைப் போட்டு இரண்டு நாள் குலுக்கினால் செம்மண் மாதிரி துரு கொட்டியது. குலுக்குகிற ஒவ்வொரு குலுக்குக்கும் மாமியைத் திட்டினேன். பைப்பால அலம்பினாராம்!

அதே சூட்டில்தான் ஃபிரேமுக்கு வந்தேன்.

பழைய வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பது. பென்சில் பிரின்ட் என்போம். ஆர்.டி.ஓ. ஃபாரத்தில் அதைத்தான் ஒட்டுவார்கள். அந்த நம்பர் இல்லாவிட்டால் சட்டப்படி அது வண்டியே இல்லை. என் கேரேஜில் வேலை பார்த்துப் போன ஒவ்வொருவனுக்கும் இதை மண்டையில் தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வண்டியில் நம்பர் இருந்தது ஹேண்டில் கழுத்தின் பக்கவாட்டில். சரியாக அந்தச் சந்தனப் பொருக்குக்கு அடியில். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. துரு அரித்திருந்தாலும் நாலு எண் தெரிந்தது. ஐந்தாவது பாதி தெரிந்தது. அங்கேயே நிறுத்தி, ஊற வைத்து, துணியால் துடைத்து, பென்சிலை எடுத்திருக்க வேண்டும்.

நான் வயர் வீலை, துரு சுரண்டும் கம்பிச் சக்கரத்தைப் போட்டேன். பொருக்கு போகவில்லை. "இதென்ன சந்தனமா, கோந்தா" என்று கத்திக்கொண்டே கிரைண்டரில் இரும்பையே சீவும் எமரி டிஸ்க்கை மாட்டினேன். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். தூசி அடங்கியதும் பார்த்தால், கண்ணாடி மாதிரி பளபளவென்று இரும்பு. நம்பர் இருந்த இடத்தில் ஒரு எண்கூட இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு டீ குடித்தேன். பிறகு மாமிக்குப் போன் போட்டேன்.

"மாமி, சேசிஸ் நம்பர் போச்சு. உங்க சந்தனமும் குங்குமமும் தின்னுட்டுது."

"முழுசாவா?"

"முழுசா."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

3. நம்பர் பஞ்ச்

இருபது நாள் கழித்து இஞ்சின் ஸ்டார்ட் ஆனது. நாலாவது கிக்கில் பிடித்து, இரண்டு சைலன்சரிலும் வெள்ளைப் புகை கக்கி, சந்தில் இருந்தவர்களையெல்லாம் இரும வைத்தது. பிறகு புகை தெளிந்து, தாளம் தப்பாமல் ஓடியது. வேறு நாளாயிருந்தால் எல்லோருக்கும் டீ சொல்லியிருப்பேன். அன்று சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டில் கழுத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

ஆர்.டி.ஓ. வேலைக்கு ஆண்டாப் ஹில்லில் இருந்து பரமசிவம் என்று ஒரு ஏஜென்ட் வருவான். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா அண்ணாச்சி மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிய? நம்பர் பஞ்ச் உங்ககிட்டயே இருக்குல்லா. ஆர்.சி.ல உள்ள நம்பரப் பாத்து நாலு தட்டு தட்டுங்க. பத்து நிமிச வேல. பெயின்ட் அடிச்சா பிரம்மனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

நம்பர் பஞ்ச் என்பது இரும்பில் எண்ணைப் பதிக்கிற அச்சு. அதைப் பற்றி எனக்குத் தெரியும். என் முதல் முதலாளி அதில் கெட்டிக்காரர். திருட்டு வண்டிக்கு நம்பர் மாற்றி அடிப்பார். வண்டி ஆடாமல் நான் பிடித்துக்கொள்வேன். போலீஸ் வந்தபோது பிடித்துக்கொண்டவனையும் சேர்த்துத்தான் கூட்டிப்போனது. இரண்டு நாள் உள்ளே இருந்தேன். அப்பா ஸ்டேஷன் வாசலில் வேலைக்கும் போகாமல் நின்றார்.

இவ்வளவு தெரிந்தும் அன்றைக்கு நான் பஞ்ச் பெட்டியைத் திறந்தேன். முதல் எண்ணை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். சுத்தியலையும் தூக்கினேன். அடித்திருந்தால் நான் அழித்தது யாருக்கும் தெரியாது. மாமிக்கு வண்டியும் கிடைத்திருக்கும். அந்த யோசனை வந்ததும்தான் கை நின்றது. நான் வண்டியைக் காப்பாற்ற அடிக்கப் போகவில்லை, என் பொய்யைக் காப்பாற்ற அடிக்கப் போகிறேன்.

"அடிங்க அண்ணாச்சி, என்ன யோசன?" என்றான் பரமசிவம்.

"எலே, எந்திரிச்சு வெளிய போ!" என்று கத்தினேன். பாவம், அவன் மேல் என்ன தப்பு? சும்மா இருந்த சங்கை ஊதியது நான்.

4. மாமி வந்தார்

மறுநாள் காலை மாமி ஆட்டோ பிடித்து தாராவிக்கே வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தொடவில்லை.

"முத்து, நன்னா பண்ணியிருக்கேள். ஆனா நம்பர் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு எல்லாரும் சொல்லிட்டா. நான் பண்ணின பாவம். நானே பங்கார்ல போட்டுடறேன். கையெழுத்து எங்கே போடணும்னு சொல்லுங்கோ."

நான் சுத்தமாக இருந்த கையைத் திரும்பத் திரும்பத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு கேக்கணும். ஆத்துல தையல் மிஷினுக்கும் பொட்டு வெச்சிண்டிருக்கேன். அதையும் தின்னுடுமா? மூணு வாரமா விளக்கேத்தப் போனா கை கூசறது."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, சந்தனம் திங்கல. நான்தான் அழிச்சேன். நாலு நம்பர் நல்லா தெரிஞ்சுது, அஞ்சாவது பாதி. பென்சில் வச்சுத் தேச்சிருந்தா மிச்சமும் விழுந்திருக்கும். ஆத்திரத்துல எமரி டிஸ்க்க போட்டுட்டேன்."

"போன்ல முழுசா தின்னுடுத்துன்னு சொன்னேளே."

"பொய் சொன்னேன் மாமி."

மாமியின் முகம் சிவந்தது. ஆனால் சத்தம் ஏறவில்லை. "இஞ்சின் ஜாம் ஆனது என் தப்பு. அதுக்கு காலனியே கேக்கற மாதிரி திட்டினேள், வாங்கிண்டேன். நீங்க பண்ணின தப்பையும் என் தலையில ஏன் வெச்சேள்?"

நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்று மாமிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஒரு பேப்பர் எடுங்கோ. இப்ப சொன்னதை அப்படியே எழுதி, கடைப் பேர் போட்டுக் கையெழுத்துப் போடுங்கோ" என்றார்.

பரமசிவம் கேள்விப்பட்டு ஓடி வந்தான். "எழுதிக் குடுத்தா கேரேஜே மாட்டிக்கிடும் அண்ணாச்சி" என்றான். எழுதிக் கொடுத்தேன். நம்பர் இல்லாத வண்டி திருட்டு வண்டி இல்லையென்று சான்று வாங்க, மாமியோடு மூன்று தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். முப்பது வயதுகூட ஆகாத ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என் பேப்பரைப் படித்துவிட்டு, "சாலீஸ் சால் கா மிஸ்திரி, ஔர் ஏக் பென்சில் நஹீ தீ?" என்றார். நாற்பது வருஷ மிஸ்திரியிடம் ஒரு பென்சில் இல்லையா என்று. பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. மாமி சிரிக்கவில்லை, என்னைக் காப்பாற்றவும் இல்லை.

இஞ்சின் நம்பர் பழைய ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. நம்பர் எப்படிப் போனது என்பதற்கு என் பேப்பர் இருந்தது. அந்த இரண்டையும் வைத்து அனுமதி கிடைத்தது. ஆர்.டி.ஓ. ஆளே புது நம்பரைக் கழுத்தில் அடித்துக் கொடுத்தார். காலி பண்ண வேண்டிய தேதிக்கு நாலு நாள் முன்னால் ஆர்.சி. மாமி கைக்கு வந்தது.

வண்டியை எடுக்க மாமி ஹெல்மெட்டும் ஷூவுமாக வந்தார். ரோட்டில் மெதுவாக இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். முதல் திருப்பத்தில் கால் ஊன்றினார், இரண்டாவதில் ஊன்றவில்லை.

"மாசம் ஒருக்கா கொண்டாங்க மாமி. எப்பவும் நானே பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"வேண்டாம் முத்து. வாஷியில ஒரு மெக்கானிக்கைப் பார்த்து வெச்சிருக்கேன். இஞ்சினை நன்னா பண்ணியிருக்கேள், அதுக்கு நமஸ்காரம். அந்த மூணு வாரத்தை என்னால மறக்க முடியாது." கிக்கரை மடக்கி கியர் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தம்பிமார்களே, வேலையில் தப்பு வரும். என்னைவிடப் பெரிய மிஸ்திரிகளும் நம்பரை அழித்திருக்கிறார்கள். தப்பு நடந்தால் டீ குடிப்பதற்கு முன்னால் போன் போடுங்கள். கோபத்தில் கிரைண்டரைத் தொடாதீர்கள், அதைவிட முக்கியமாகக் கோபத்தில் பழியைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் விட்டுப் போனால் ஒரு வாரம் கத்திக்கொண்டிருக்கிற ஆள் நான். மாமி போனதற்கு மட்டும் எனக்குக் கோபமே வரவில்லை.