மடியில் வந்த மாதா

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், தர்மபுரியில் ஒரு மாதா சிலை வாங்கினேன். நான் கத்தோலிக்கப் பெண். என் கணவர் சிலை வைக்காத சபைக்காரர்.

"சிலையக் கும்புடறது தப்புன்னு பைபிள்லயே இருக்குது" என்றார்.

"சிலையையா கும்புடறேன்? மாதாவ நெனச்சுக்கறதுக்குத்தாங்க இது."

மாரண்டஹள்ளி பஸ்ஸில் கூட்டம். உடையாமலிருக்க அவரே சிலையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்மணி கேட்டார்: "காலடியில பாம்பு கெடக்குதே, இது என்ன சாமிங்க?"

"சாமி இல்லீங்க, ஏசுவோட அம்மா" என்று தொடங்கியவர், ஏதேன் தோட்டத்திலிருந்து மாட்டுத்தொழுவம் வரை சொல்லி முடிப்பதற்குள் பாலக்கோடு வந்துவிட்டது. பாதி பஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிலைக்குச் சுவரில் பலகை அடித்துக் கொடுத்தார்.

"நான் கும்புட மாட்டேன். யாராச்சும் கதை கேட்டா மட்டும் என்னக் கூப்புடு" என்றார்.