குடிதண்ணீருக்கு ஒரு டிக்கெட்

தொண்ணூறுகளில் நாங்கள் தேவகோட்டையில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் தெருக் குழாயில் வந்த தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. குடிக்கவும் சமைக்கவும் தள்ளுவண்டிக்காரரிடம் குடம் குடமாக விலைக்கு வாங்கினேன். என் ஆசிரியர் சம்பளத்தில் கரண்டு பில்லைவிடத் தண்ணீருக்கே அதிகம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர்தான். அங்கே அவள் புருஷன் குழாயைத் திறந்துவிட்டு, தித்திக்கிற தண்ணீரில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செலவை அவரிடம் சொன்னேன்.

"தண்ணியப் போயி காசு குடுத்தா வாங்குறீக மதினி? டீச்சருக்குச் சிக்கனம் தெரியலயே" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குழாயிலேயே ஒரு பெரிய கேனை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கேனுக்கும் டிக்கெட் கேட்டார்.

"வெறும் தண்ணிங்க" என்றேன்.

"எதுவா இருந்தாலும் லக்கேஜ்தான்."

காசைக் கொடுத்துவிட்டு, கேனைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன்.

"கீழ எறக்குங்க, ஆளு உக்காரணும்."

"டிக்கெட் வாங்கியிருக்குல்ல? உக்காந்துதான் வரும்."

என் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. ஊர் வரும்வரை அதை நான் இறக்கவில்லை.